ஒமாஹாவில் பலமாக அமைந்தும் எளிதில் கவிழக்கூடிய கைகளை ஆடுவது எப்படி?

போக்கரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் தரப்படும் டெக்சஸ் ஹோல்டெம் வகையை ஆடிப் பழகிய ஒருவர் அண்மையில் பாட் லிமிட் ஒமாஹா என்ற வகைக்கு மாறியிருக்கிறார். ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் விரிக்கப்படும் மூன்று பொதுச் சீட்டுகளில்) மேல் செட்டோ (கையிலுள்ள ஜோடி, மேசையின் மிக உயர்ந்த சீட்டோடு சேர்ந்து ஒரே எண்ணில் மூன்றாவது) ஆக உயர்ந்த ஸ்ட்ரெய்ட்டோ (தொடர்ச்சியான ஐந்து சீட்டுகள்) அமைந்தவுடன் பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயப் பணம்) முழுவதற்கும் பந்தயம் கட்டுவதாகவும், ரிவர் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) வருவதற்குள் எவராவது தம்மைத் தாண்டிவிடுவதாகவும் சொல்லி, இத்தகைய கைகளை வேகமாக ஆட வேண்டுமா, நிதானமாக ஆட வேண்டுமா என்று கேட்கிறார். இரண்டுமே சரியாக அமையும் சூழல்கள் உண்டு. எந்தச் சூழலில் எது சரி என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: உங்கள் கைக்கு மேற்கொண்டு வளர வழி இருக்கிறதா என்பதும், பாட்டோடு ஒப்பிட உங்கள் முன் எவ்வளவு பணம் மீதமிருக்கிறது என்பதும். ஃப்ளாப்பில் உங்கள் கை முதலிடத்தில் இருக்கிறதா என்ற கேள்வி இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. ஹோல்டெமிலிருந்து வருபவர்கள் அதையே முதலில் கேட்டுப் பழகியிருப்பதால்தான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒமாஹாவில் ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டுகள் தரப்படுகின்றன. அவற்றில் சரியாக இரண்டையும் மேசையில் உள்ள ஐந்தில் மூன்றையும் சேர்த்தே கையை அமைக்க வேண்டும். நான்கு சீட்டுகளிலிருந்து இரண்டிரண்டாக ஆறு இணைகள் கிடைப்பதால், ஹோல்டெமில் ஒருவர் ஓர் இணையோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் இங்கே ஆறு இணைகளோடு உட்கார்ந்திருக்கிறார். எதிரில் மூன்று பேர் ஃப்ளாப்பைப் பார்த்தால் பதினெட்டு இணைகள் உங்களுக்கு எதிராக நிற்கின்றன. மேசையில் ஒரு ஸ்ட்ரெய்ட்டுக்கோ ஃப்ளஷ்ஷுக்கோ (ஒரே இனத்தின் ஐந்து சீட்டுகள்) வாய்ப்பு தெரிந்தால் அதை எவராவது தேடிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இனி ஒரு ஃப்ளாப்பை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேசையில் 9-8-2, மூன்றும் வெவ்வேறு இனம். உங்கள் கையில் 9-9-ராஜா-4. இதைவிட உயர்ந்த கை இந்த நொடியில் இல்லை. எதிராளியிடம் ஜாக்கி-10-7-6 இருக்கிறது. அவரிடம் ஒரு ஜோடிகூட அமையவில்லை. ஆனால் 9-8-ஐ இருபுறமும் சூழ்ந்து நிற்கும் இந்த அமைப்பை, ஆட்டக்காரர்கள் ராப் என்று அழைப்பதை, ஹோல்டெமின் எட்டுச் சீட்டு ஸ்ட்ரெய்ட் ட்ராவோடு (எட்டுச் சீட்டுகளில் ஒன்று வந்தால் ஸ்ட்ரெய்ட் ஆகும், இன்னும் முடியாத அமைப்பு) ஒப்பிடவே கூடாது. ராணி நான்கு, ஜாக்கி மூன்று, 10 மூன்று, 7 மூன்று, 6 மூன்று, 5 நான்கு என மொத்தம் 20 சீட்டுகளில் எது வந்தாலும் அவருக்கு ஸ்ட்ரெய்ட் அமைந்துவிடும்.

இரண்டு கைகளும் ஃப்ளாப்பும் போக மிச்சம் 41 சீட்டுகள். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) அந்த 20-இல் ஒன்று வந்தால் அவர் முந்துகிறார். அப்போது மேசையில் ஒரு ஜோடி விழுந்து உங்களுக்கு ஃபுல் ஹவுஸ் (ஓர் எண்ணில் மூன்றும் இன்னோர் எண்ணில் இரண்டும்) அமைய ரிவரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. டர்னிலேயே ஜோடி விழும் 7 சீட்டுகளில் அவர் கதை முடிந்துவிடும். எஞ்சிய 14 சீட்டுகள் எதையும் மாற்றாதவை; அவை வந்தாலும் ரிவரில் 40-க்கு 20 என அவருக்குச் சரிபாதி வாய்ப்பு மீதமிருக்கிறது. இவை அனைத்தையும் கூட்டினால் ஜோடிகூட இல்லாத அந்தக் கை 54 சதவீதத்துக்குச் சற்று மேல் வெல்கிறது. மேல் செட் வைத்திருக்கும் உங்களுக்கு மீதி 46 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஃப்ளாப்பில் ஓரினச் சீட்டுகள் இரண்டு இருந்து, அவரிடம் அந்த ஃப்ளஷ் ட்ராவும் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இதே இடத்தில் உங்கள் பக்கச் சீட்டுகளை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ராஜா-4-க்குப் பதிலாக ஜாக்கி-10, அதாவது 9-9-ஜாக்கி-10 உங்களிடம் இருக்கிறது; எதிராளியின் கை அதேதான். அவருக்கு வேண்டிய ஜாக்கியிலும் 10-இலும் ஒவ்வொன்று உங்கள் கையில் முடங்கிவிட்டது. அதைவிட முக்கியமாக, ராணியோ 7-ஓ வந்தால் அவருக்கு அமையும் அதே ஸ்ட்ரெய்ட் உங்களுக்கும் அமைகிறது. உங்களுக்கு மேற்கொண்டு ஃபுல் ஹவுஸ் வாய்ப்பும் இருக்கிறது. அவர் தனியாக முந்துவதற்கு உதவும் சீட்டுகள் இப்போது ஜாக்கி இரண்டு, 10 இரண்டு, 6 மூன்று, 5 நான்கு, ஆக 11 மட்டுமே. செட் மாறவில்லை, ஃப்ளாப் மாறவில்லை, எதிராளியும் மாறவில்லை. 20 என்பது 11 ஆகச் சுருங்கியிருக்கிறது. ஒமாஹாவில் ஒரு கையின் மதிப்பை அதன் பெயரால் மட்டும் அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. முதல் கையோடு பாட்டைப் பெருக்கத் தயங்கலாம். இரண்டாவது கையோடு தயங்குவது பெரும் தவறு.

செட்டைவிட ஏமாற்றுவது வளர வழியில்லாத ஸ்ட்ரெய்ட். உங்களிடம் ஆர்ட்டின் ஏஸ், டைமண்ட் ஜாக்கி, ஆர்ட்டின் 10, டைமண்ட் 3. ஃப்ளாப்பில் ஸ்பேடு 9, ஸ்பேடு 8, கிளாவர் 7. ஜாக்கி வரையிலான ஸ்ட்ரெய்ட், இப்போதைக்கு எவராலும் வெல்ல முடியாத நட். எதிராளியிடமோ ஸ்பேடு ராணி, ஸ்பேடு ஜாக்கி, கிளாவர் 10, டைமண்ட் 9. அவரிடமும் அதே ஸ்ட்ரெய்ட்தான். ஆனால் எஞ்சிய 9 ஸ்பேடுகளில் எது வந்தாலும் ஃப்ளஷ், மீதமுள்ள இரண்டு ஜாக்கிகளோ டைமண்ட் 10-ஓ வந்தால் ராணி வரையிலான ஸ்ட்ரெய்ட், ஆக 12 சீட்டுகள் அவருக்கு உதவுகின்றன. இரண்டு சீட்டுகளுக்குள் அவற்றில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு 50 சதவீதத்துக்குச் சற்று மேல். உங்கள் தரப்பிலோ பாட் முழுவதையும் வெல்ல உதவும் சீட்டு ஒன்றுகூட இல்லை. பாதித் தடவை பாட்டைப் பங்கிடுவீர்கள், பாதித் தடவை முழுவதையும் இழப்பீர்கள்.

பாட்டில் 100 இருக்கிறது, இருவரிடமும் 400 மீதமிருக்கிறது, அவ்வளவும் ஃப்ளாப்பிலேயே உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 900. பாதித் தடவை உங்களுக்கு 450, பாதித் தடவை பூஜ்யம், சராசரி 225. போட்டது 400, ஆகவே 175 நஷ்டம். எதிராளியின் சீட்டு தெரிந்திருந்தால், அப்போதைக்கு ஆக உயர்ந்த கையைக் கீழே போடுவதே சரியான ஆட்டம்.

ஆனால் அவர் சீட்டு தெரியாது என்பதுதான் ஆட்டமே. அவரிடம் இருப்பது 9-9 செட்டாகவும் இருக்கலாம். அப்போது மேசை ஜோடியாகும் ஆபத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் உங்கள் ஸ்ட்ரெய்ட் ஏறத்தாழ 62 சதவீதம் வெல்கிறது. 900-இல் உங்கள் பங்கு 558, லாபம் 158. உங்களைப் போலவே வெறும் ஸ்ட்ரெய்ட் வைத்திருந்தால் லாபம் 50. ஆக, 400 மீதமிருக்கும்போது செட்டும் வளரக்கூடிய ஸ்ட்ரெய்ட்டும் சம அளவில் சாத்தியமென்றால் லாப நஷ்டம் கிட்டத்தட்ட சமப்பட்டுவிடும். தயங்காமல் பணத்தைப் போடலாம், ஃபோல்ட் செய்தாலும் (சீட்டைக் கீழே போட்டு விலகினாலும்) பெரிய இழப்பில்லை.

இப்போது மீதமிருக்கும் பணம் 400-க்குப் பதில் 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டுக்கு எதிராக லாபம் ஏறத்தாழ 540; வளரக்கூடிய ஸ்ட்ரெய்ட்டுக்கு எதிராக நஷ்டம் 975. வெறும் ஸ்ட்ரெய்ட்டுக்கு எதிரே கிடைப்பதோ அதே 50. போதாக்குறைக்கு, இவ்வளவு பணம் இருக்கும்போது நிதானமான ஆட்டக்காரர் இந்த மேசையில் செட்டை வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் ரெய்ஸ் செய்ய (பந்தயத்தை உயர்த்த) மாட்டார். ஸ்ட்ரெய்ட்டும் அதற்கு மேல் ஒன்றும் இருப்பவரே செய்வார். ஒரே கை, ஒரே மேசை. பணத்தின் ஆழம் மட்டும் மாறியதால் விடை தலைகீழாகிவிட்டது.

எனவே பணத்தின் ஆழத்தை அளக்க ஒரு கருவி தேவை. பாட் லிமிட் என்பதால் ஒரு சுற்றில் ஒருவர் கட்டக்கூடிய பந்தயத்துக்கு எல்லை உண்டு. அந்த எல்லையே கணக்கை எளிதாக்குகிறது. பாட்டில் 10 இருந்தால் ஃப்ளாப்பில் 10, அதை ஒருவர் கால் செய்ததும் (அதே தொகையைத் தாமும் போட்டதும்) பாட் 30, டர்னில் 30, பாட் 90, ரிவரில் 90. மூன்று சுற்றும் சேர்ந்து 130, அதாவது முதல் பாட்டைப்போல் 13 மடங்கு. உங்களிடம் மீதமிருப்பது பாட்டுக்குச் சமமாக இருந்தால் ஒரே பந்தயத்தில் எல்லாம் உள்ளே போய்விடும். நான்கு மடங்கு இருந்தால் இரண்டு பந்தயம். 13 மடங்கு இருந்தால் மூன்றும் தேவை. கவிழக்கூடிய கைகளுக்கு முதல் நிலை மிகவும் உகந்தது, ஏனென்றால் டர்னில் கெட்ட சீட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டிய அவசியமே எழுவதில்லை. மூன்றாவது நிலை அவற்றுக்கு ஆகாது.

ஏஸ் ஜோடிக்கும் இதே கணக்குப் பொருந்தும். குறைந்தது இரண்டு ஏஸ்கள் கைக்கு வருவது 100-க்கு 2.6 தடவை, அதாவது ஏறத்தாழ 39 கைகளுக்கு ஒருமுறை. வந்தவுடன் ஹோல்டெமில் இருந்ததைப்போல் மகிழ்கிறோம். ஆனால் ஏஸ்-ஏஸ்-7-2, நான்கும் வெவ்வேறு இனம் என்ற கை, இரண்டிரண்டாக இனம் சேர்ந்த 10-9-8-7-க்கு எதிரே ஏறத்தாழ பாதிக்குப் பாதிதான். ஃப்ளாப்பில் மூன்றாவது ஏஸ் வருவதோ 12 சதவீதம் மட்டுமே. பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன் இருவர் கட்டாயமாகப் போடும் தொகை) 1-2, எல்லோரிடமும் 200 என்று கொள்வோம். ஒருவர் 7-க்கு ரெய்ஸ் செய்ய, நீங்கள் ஏஸ்களோடு 24-க்கு உயர்த்த, அவர் கால் செய்தால் பாட் 51, உங்களிடம் மீதி 176, மூன்றரை மடங்கு. ஃப்ளாப்பில் 9-8-6 விழுந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்க வேண்டிய நிலை இது. மாறாக, நீங்கள் 7-க்குத் திறந்து, அவர் 24-க்கு உயர்த்தி, நீங்கள் 75-க்கு உயர்த்தி, அவர் கால் செய்திருந்தால் பாட் 153, மீதி 125. இனி எந்த ஃப்ளாப் வந்தாலும் பெரும்பாலும் யோசிக்காமல் போட்டுவிடலாம். மோசமான ஏஸ்களை வைத்துக்கொண்டு மீதிப் பணத்தைப் பாட்டை விடக் குறைக்க முடிந்தால் ரெய்ஸ் செய்யுங்கள்; முடியாவிட்டால் வெறுமனே கால் செய்துவிட்டு, ஃப்ளாப்பைப் பார்த்து முடிவெடுங்கள். அப்போது உங்களிடம் ஏஸ்கள் இருப்பது மற்றவர்களுக்குத் தெரியாமலும் இருக்கும்.

கேள்வி கேட்டவர் அதிகம் கவனிக்க வேண்டியது டர்ன் சுற்றை என்று நினைக்கிறேன். பழைய 9-8-2 ஃப்ளாப்புக்கே திரும்புவோம். உங்களிடம் 9-9-ராஜா-4, எதிராளியிடம் இம்முறை ராணி-ஜாக்கி-10-உம் உதவாத ஒரு சீட்டும். அவருக்கு 13 சீட்டுகள் உதவும். ஃப்ளாப்பில் அவர் வாய்ப்பு ஏறத்தாழ 41 சதவீதம். நீங்கள் பாட் முழுவதும் கட்டினால் அவருக்கு இரண்டுக்கு ஒன்று விலை கிடைக்கிறது. அந்த விலையில் கால் செய்ய 33.3 சதவீதம் போதும் என்பதால் அவர் கால் செய்வது சரி. டர்னில் உதவாத சீட்டு விழுந்தபின் அவர் வாய்ப்பு 40-க்கு 13, அதாவது 32.5 சதவீதம். அதே பாட் அளவு பந்தயம் இப்போது அவருக்கு நஷ்டமான விலையாகிவிட்டது. ஃப்ளாப்பில் கட்டும் பெரிய பந்தயம் ராப் வைத்திருப்பவரைத் தண்டிப்பதில்லை, அவர் விரும்பியதையே கொடுக்கிறது. பாதுகாப்பான டர்னில் கட்டும் பெரிய பந்தயமே அவரைத் தண்டிக்கிறது.

இதிலிருந்து ஃப்ளாப்பில் எப்போதும் செக் செய்துவிட்டு (பந்தயம் கட்டாமல் விட்டு) காத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. உங்களுக்குப் பின் ஆடுபவர்களும் செக் செய்துவிட்டால் 41 சதவீத வாய்ப்புள்ள ஒருவருக்கு ஒரு சீட்டை இலவசமாகக் கொடுத்ததாக முடியும். பந்தயம் கட்டியிருந்தால் விலகியிருக்கக்கூடிய சிறு ட்ராக்களும் ஒட்டிக்கொள்ளும். நான் பரிந்துரைப்பது இதுதான்: எல்லோரும் உங்களுக்கு முன் செக் செய்துவிட்டால் நீங்கள் கட்டுங்கள். ஒருவர் ஏற்கெனவே கட்டியிருக்கிறார், நீங்கள் கடைசியில் ஆடுகிறீர்கள், மீதிப் பணம் பாட்டைப்போல் ஐந்தாறு மடங்கு இருக்கிறது, உங்கள் செட்டுக்குத் துணைச் சீட்டுகள் இல்லை என்றால் ஃப்ளாப்பில் ரெய்ஸ் செய்யாமல் கால் மட்டும் செய்யுங்கள். டர்னில் நல்ல சீட்டு வந்தால் அப்போது ரெய்ஸ் செய்யலாம். கெட்ட சீட்டு வந்தால் சிறிய பாட்டை விட்டுக்கொடுத்து விலகலாம். மீதிப் பணம் இரண்டு மடங்குக்குள் இருந்தால் இந்த நாசூக்கெல்லாம் வேண்டியதில்லை, ஃப்ளாப்பிலேயே போட்டுவிடுங்கள். நீங்கள் முதலில் ஆட வேண்டியவராக இருந்து, பணமும் ஆழமாக இருந்தால்தான் உண்மையான சங்கடம். அங்கே எந்த ஆட்டமும் முழு நிறைவளிப்பதில்லை என்பதால், அப்படிப்பட்ட இடத்திலிருந்து சுமாரான நான்கு சீட்டுகளோடு ஆட்டத்துக்குள் நுழையாமல் இருப்பதே நலம்.

இணையத்தில் ஆடப்பட்ட மிகப் பெரிய பாட்களில் ஒன்று இத்தகைய கையைச் சுற்றித்தான் நடந்தது. 2009 நவம்பர் 21 அன்று ஃபுல் டில்ட் தளத்தில் பின்லாந்துக்காரர் பாட்ரிக் ஆன்டோனியஸும், இசில்டர்1 என்ற பெயரில் ஆடிய சுவீடன் இளைஞர் விக்டர் புளோமும் மோதிய அந்தப் பாட் 13.5 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆன்டோனியஸிடம் ஆர்ட்டின் ஏஸ், ஆர்ட்டின் ராஜா, ஸ்பேடு ராஜா, ஸ்பேடு 3. புளோமிடம் ஸ்பேடு 9, ஆர்ட்டின் 8, டைமண்ட் 7, டைமண்ட் 6. ஃப்ளாப்பில் ஸ்பேடு 4, கிளாவர் 5, ஆர்ட்டின் 2. ஆன்டோனியஸுக்கு ஏஸ் முதல் 5 வரையிலான ஸ்ட்ரெய்ட் அமைந்துவிட்டது. புளோமுக்கு மூன்று 3-கள், மூன்று 6-கள், மூன்று 7-கள், மூன்று 8-கள் என 12 சீட்டுகள். இரண்டு சீட்டுகளுக்குள் ஒன்று வரும் வாய்ப்பு பாதி. டர்னில் ஆர்ட்டின் 5 விழுந்ததும் ஆன்டோனியஸுக்கு ஆக உயர்ந்த ஆர்ட்டின் ஃப்ளஷ் ட்ராவும் சேர்ந்துகொள்ள, புளோமின் 12-இல் ஆர்ட்டினாக இருந்த மூன்று பயனற்றுப்போயின. மிஞ்சியவை 40-க்கு 9. ரிவரில் கிளாவர் 9 வந்தது, ஸ்ட்ரெய்ட் நின்றது. ஏஸ்-3 மட்டும் இருந்து ஆர்ட்டின் ராஜா இல்லாமல் போயிருந்தால் அந்த டர்ன் சீட்டு ஆன்டோனியஸுக்கு இவ்வளவு உதவியிருக்காது. ஃப்ளாப்பில் கண்ணுக்குத் தெரியாத, இரண்டு சீட்டு தள்ளி நிற்கும் ஃப்ளஷ் வாய்ப்புகளையும் கையின் பலத்தில் சேர்த்து எண்ண வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மேல் இரண்டு ஜோடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபுல் ஹவுஸ் ஆக அதற்கு உதவுபவை நான்கே சீட்டுகள். இரண்டு பேருக்கு மேல் ஃப்ளாப்பைப் பார்த்திருந்தால் அதைப் பலமான கை என்று கருதுவதையே விட்டுவிடலாம். கீழ் செட் வேறு வகை ஆபத்து: ட்ராக்களிடம் தோற்பதோடு, மேல் செட்டிடமும் தோற்கிறது, இருவருக்கும் ஃபுல் ஹவுஸ் அமையும் நாளில்தான் மிகப் பெரிய இழப்பு நேர்கிறது.

கடைசியாக, கெட்ட சீட்டு வந்தபின் என்ன செய்வது. மேல் செட்டோடு இருக்கிறீர்கள்; டர்னில் ஸ்ட்ரெய்ட் அமையக்கூடிய சீட்டு விழுந்தது, எதிராளி கட்டுகிறார். உங்கள் பார்வையில் 44 சீட்டுகள் தெரியாதவை. அவற்றில் 10 உங்களுக்கு ஃபுல் ஹவுஸ் அல்லது அதற்கு மேல் கொடுக்கும், ஏறத்தாழ 23 சதவீதம். அவர் பாட் முழுவதும் கட்டினால் தேவைப்படுவது 33 சதவீதம்; ரிவரில் வெல்லப் பெரிய தொகை மீதமிருந்தாலன்றி ஃபோல்ட் செய்யுங்கள். பாதிப் பாட் கட்டினால் தேவை 25 சதவீதம். ஃபுல் ஹவுஸ் அமைந்தபின் அவரிடமிருந்து இன்னும் சிறிதேனும் வாங்க முடியும் என்றால் கால் செய்வது லாபமே. கீழ் செட்டோடு இதே கணக்கைப் போடும்போது அந்த 10-ஐ முழுதாக எண்ணிவிடக் கூடாது. மேசையில் 9-உம் 8-உம் இருக்க உங்களிடம் 2-2 இருந்தால், 9 ஜோடியாகும் ரிவரில் உங்கள் ஃபுல் ஹவுஸைவிட உயர்ந்தது எதிரே அமைந்திருக்கக்கூடும்.